அயோடின் உப்புக்கு அப்பால்: குழந்தைகளின் தைராய்டும் நம் கிணற்று நீரும்



நேராகச் செய்திக்கு வந்துவிடுகிறேன். 2013-இல் ஜப்பானிய ஆய்வாளர்களும் நம் நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சிவகாசியிலும் மதுரையிலும் நிலத்தடி நீர், ஏரி குளத்து நீர், குழாய் நீர் ஆகியவற்றைச் சேகரித்து, அவற்றில் பெர்குளோரேட் என்ற உப்பு எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்கள். சிவகாசிப் பகுதியில் எடுத்த 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 மாதிரிகள், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது குடிநீருக்குச் சொல்லியிருந்த எல்லையைத் தாண்டியிருந்தன. அந்த எல்லை லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். மிக மோசமான மாதிரியில் இருந்ததோ லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம், அதாவது எல்லையைப்போல் ஐந்நூறு மடங்குக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் பின்னர் 2017-இல் வகுத்த எல்லை 70 மைக்ரோகிராம். தாராளமான அந்தக் கணக்கில் பார்த்தாலும் நூறு மடங்குக்கு மேல்தான் வருகிறது. பட்டாசு ஆலைகள் நெருங்கியிருக்கும் இடங்களில்தான் அளவு ஏறியிருந்தது. எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் இருக்கவில்லை.

மக்களின் உடல்நலத்தை மேலும் ஆராய வேண்டும் என்றும் அதே கட்டுரையில் எழுதினார்கள். இன்று நான் பேசப்போவதெல்லாம் அந்த ஒரு வேண்டுகோளைப் பற்றித்தான்.

பெர்குளோரேட் உடலில் என்ன செய்கிறது என்பது மருத்துவத்துக்குப் புதிதல்ல. கழுத்தின் முன்புறம் இருக்கும் தைராய்டு சுரப்பி, இரத்தத்தில் ஓடும் சொற்ப அயோடினை இழுத்துச் சேர்த்துத் தன் ஹார்மோனைச் செய்கிறது. அந்த வேலைக்கென்றே சுரப்பியின் உயிரணுச் சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. 1996-இல் நான்சி கராஸ்கோவின் ஆய்வுக்கூடம் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. பெர்குளோரேட் அயனியின் பருமனும் மின்னேற்றமும் அயோடின் அயனியை ஒத்திருப்பதால் புரதம் ஏமாந்துபோகிறது. ரேஷன் கடை வரிசையில் முண்டியடித்து முன்னால் போய் நிற்பவரைப்போல, அயோடின் வரவேண்டிய இடத்தில் பெர்குளோரேட் வந்து நிற்கிறது. புரதத்தைப் பற்றிக்கொள்வதில் அதற்கு அயோடினைவிட ஏறக்குறைய 30 மடங்கு வலு. 1950-களில் தைராய்டு மிகைச்சுரப்புக்கு மருத்துவர்கள் பொட்டாசியம் பெர்குளோரேட்டை மாத்திரையாகவே கொடுத்தார்கள். சிலருக்கு எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிர் போனதால் அந்த வழக்கம் குறைந்தது. தைராய்டை அடக்குவதற்கென்று மருந்துக்கடையில் இருந்த பொருள் இன்று கேட்பாரின்றிக் கிணற்றில் கிடக்கிறது என்றால் அதைச் சாதாரண விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

வளர்ந்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடிப்பார்கள். அவர்களது சுரப்பியில் பல வாரங்களுக்குப் போதுமான ஹார்மோன் சேமிப்பு இருக்கிறது. பிறந்த குழந்தையின் சுரப்பியில் ஒரு நாள் தேவைக்குக்கூட இருப்பு இல்லை. அன்றன்று அயோடின் வந்தால்தான் அன்றன்று ஹார்மோன் ஊறும். அதற்கும் முன்பு, கருவில் ஏறக்குறைய பாதிக்காலம்வரை குழந்தை தாயின் ஹார்மோனை நம்பியே இருக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் இடம்பெயர்ந்து தத்தம் இடத்தில் அமர்வதும் அந்தக் காலத்தில்தான். தாய்ப்பால் சுரக்கும் மார்பிலும் இதே புரதம்தான் அயோடினைப் பாலுக்குள் அனுப்புகிறது. அங்கேயும் பெர்குளோரேட் வழிமறித்தால் பாலில் அயோடின் குறைந்து, அதன் இடத்தில் பெர்குளோரேட் சேர்கிறது. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிடத் தவறு வேறில்லை. புட்டிப்பாலைக் கரைப்பதும் அதே கிணற்று நீரில்தான். சுத்தமாக வேண்டியது தாய் குடிக்கும் நீர்.

இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடுமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். சரியாகாது. நீர் சுண்டச் சுண்ட உப்பின் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதாலும் படிகாரம் போடுவதாலும் பயனில்லை. பெர்குளோரேட் மண்ணோடும் ஒட்டாது, நீரில் முழுதாகக் கரைந்து நிலத்தடி நீர் போகும் திசையெல்லாம் போகும். ஃபேன்சி ரக வெடிகளுக்கு மணிமருந்து உருட்டும் அறையை எண்ணிப் பாருங்கள். தூள் தங்கினால் உராய்வில் தீப்பிடிக்கும் என்று தரையைக் கழுவிவிடுகிறார்கள். தொழிலாளியின் உயிரைக் காக்க அது தேவையான வேலை. கழுவிய நீர் வாசலைத் தாண்டிக் கரிசல் மண்ணில் இறங்கிவிடுகிறது. பாதுகாப்பு விதி அறையின் உள்ளே முடிந்துவிடுகிறது, வெளியே இருக்கும் கிணற்றை அது நினைத்துப் பார்ப்பதில்லை. பட்டாசுத் தொழிலாளரின் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சாக இதை யாரும் கொள்ளலாகாது. அந்தக் கிணற்று நீரை முதலில் குடிப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்தான்.

வெடிக்கும் இடத்திலும் இந்த உப்பு விழுகிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தின் ஏடா என்ற ஊரில், வாணவேடிக்கைக்குப் பிறகு ஏரி நீரை அளந்தார்கள். பெர்குளோரேட் அளவு வழக்கத்தைவிட 24 மடங்கு முதல் ஆயிரம் மடங்குவரை எகிறி, பழைய நிலைக்குத் திரும்ப 20 முதல் 80 நாள் பிடித்தது. தீபாவளியும் திருவிழா வாணவேடிக்கையும் பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14-உம் கொண்டாடும் நம் புதுச்சேரியில், குளங்களையும் ஏரிகளையும் அப்படி அளந்து பார்க்கும் வழக்கம் வரவேண்டும்.

கேரளத்துக் கதையையும் சொல்ல வேண்டும். ஆலுவாவுக்குப் பக்கத்தில் கீழ்மாடு ஊராட்சியில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இருக்கிறது. ராக்கெட்டின் திட எரிபொருளில் எடைக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பொருள்தான். திருவனந்தபுரத்திலுள்ள தேசியப் பல்துறை அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அந்த ஆலையைச் சுற்றியிருந்த நீரை அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நிலத்தடி நீரில் லிட்டருக்கு 7,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. சிவகாசிக் கணக்குக்கு அருகிலேயே வருகிறது. ஒன்று குடிசைத் தொழிலாகத் தொடங்கிய பட்டாசு, மற்றொன்று நாட்டின் பெருமைக்குரிய விண்வெளித் திட்டம். கிணற்றுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. நீரை அளந்த அதே ஆய்வு நிறுவனம் பெர்குளோரேட்டைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துச் சுத்திகரிப்பு முறையும் உருவாக்கியது. நம் நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அளக்கவும் தெரியும், தீர்க்கவும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012-இல் வெளியிட்ட ஐஎஸ் 10500 குடிநீர்த் தரநிலையில் பெர்குளோரேட்டுக்கு வரம்பே குறிக்கப்படவில்லை. வரம்பு இல்லாததால் எந்த அதிகாரியும் அதை அளக்கக் கடமைப்பட்டவர் ஆகவில்லை.

இனி அயோடினுக்கு வருகிறேன். இந்தக் கதைக்கும் வெடிமருந்துக்கும் தொடக்கத்திலிருந்தே உறவு உண்டு. நெப்போலியன் போர்க்காலத்தில் பிரான்சில் வெடியுப்புத் தயாரித்தவர் பெர்னார் குர்த்துவா. மரச்சாம்பலுக்குத் தட்டுப்பாடு வந்ததால் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தினார். 1811-இல் அதில் கந்தக அமிலம் கூடிப்போய் ஊதா நிற ஆவி எழும்பியது. அதுதான் அயோடின். 1820-இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலை நோய்க்குக் கொடுத்தார்.

விடுதலைக்குப் பிறகு காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் ராமலிங்கசுவாமி நடத்திய கள ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. 2006 முதல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்பது நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. இந்தியப் பொது சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. ஆனால் 2018–19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் பங்கு தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடுதான். மாநிலங்களில் அதுவே கடைசி இடம். உப்பளங்கள் பக்கத்திலேயே இருப்பதால் கல்லுப்பு மலிவாகக் கிடைக்கிறது, சமையலுக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதுவே போகிறது.

இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 2001–02-இல் சேகரித்த தரவை ஆராய்ந்தபோது, உடலில் அயோடின் குறைவாக இருந்த பெண்களுக்குத்தான் பெர்குளோரேட்டின் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. பெர்குளோரேட் கூடக் கூடத் தைராய்டு ஹார்மோன் இறங்கியது, அதைத் தூண்டும் டிஎஸ்எச் ஏறியது. பிரிட்டனின் கார்டிஃப் நகரிலும் இத்தாலியின் டுரின் நகரிலும் தைராய்டு குறைவாக இருந்த 487 கர்ப்பிணிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். சிறுநீரில் பெர்குளோரேட் மிக அதிகமாக இருந்த பத்தில் ஒரு பங்குத் தாய்மாரின் பிள்ளைகள், மூன்று வயதில் அறிவுத்திறன் சோதனையில் அடிமட்டத்தில் இருக்கும் வாய்ப்பு மும்மடங்கு. சிவகாசி நீரில் நாம் பார்த்த அளவுகள் அந்த நகரங்களில் இல்லை. அயோடின் குறைந்த உப்பும் பெர்குளோரேட் கூடிய கிணறும் ஒரே வீட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டு மருத்துவர்கள் கேட்டே தீரவேண்டிய கேள்வி.

யாருடைய குழந்தை என்பதும் இதில் முக்கியம். பெர்குளோரேட் மட்டுமல்ல, தைராய்டைத் தாக்கக்கூடிய பிற வேதிப்பொருள்களின் சுமையும் பல இடங்களில் தொல்குடிப் பிள்ளைகள் மேல் விழுந்திருக்கிறது. கனடாவின் கியூபெக்கில் நான்கு தொல்குடி ஊர்களின் பிள்ளைகளுடைய இரத்தத்தில் ஃபுளோரின் சேர்ந்த வேதிப்பொருள்களையும் தைராய்டு ஹார்மோனையும் சேர்த்து அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். கோஸ்டா ரிகாவில் வாழைத் தாருக்கு மாட்டும் பூச்சிமருந்துப் பையிலிருந்து குளோர்பைரிபாஸ், தோட்டத்துக்கு அருகில் வாழும் பழங்குடிச் சிறார்களின் உடலில் ஏறியிருந்தது. இவற்றையெல்லாம்விட நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அக்வெசாஸ்னே மக்களின் அனுபவம்.

அக்வெசாஸ்னே மோஹாக் மக்களின் ஊர். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இருகரையிலும், அமெரிக்காவும் கனடாவும் சேரும் எல்லையில் இருக்கிறது. ஆற்று மீன்தான் அவர்களுக்குச் சோறாக இருந்தது. பக்கத்து ஊரான மசீனாவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அலுமினிய வார்ப்பு ஆலை 1959 முதல் இயங்கியது. அதன் எந்திரங்களில் பயன்பட்ட, பிசிபி என்ற வேதிப்பொருள் கலந்த எண்ணெய்க் கழிவு நிலத்துக்கும் ஆற்றுக்கும் போனது. பிசிபி எளிதில் சிதையாது. கொழுப்பில் தங்கி மீனில் ஏறி, மீனிலிருந்து தாய்க்கும் தாயிலிருந்து பிள்ளைக்கும் போகும். 1980-களில் கேட்சி குக் என்ற மோஹாக் மருத்துவச்சி, எங்கள் தாய்ப்பாலில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என ஒரு திட்டத்தைத் தொடங்கினார். ஆற்று மீனைக் கர்ப்பிணிகள் தவிர்க்கத் தொடங்கிய பிறகு தாய்ப்பாலில் பிசிபி குறைந்தது. பின்னர் ஆல்பனி பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் ஷெல் குழு, 10 முதல் 16 வயதுவரை உள்ள 232 பிள்ளைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டது. பிசிபி கூடிய பிள்ளைகளுக்கு டிஎஸ்எச் கூடியிருந்தது, தைராய்டு ஹார்மோனான தைராக்சின் குறைந்திருந்தது.

அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் படுவது அதை நடத்திய விதம். மக்களே தங்கள் சுற்றுச்சூழல் குழுவின் வழியாக நிபந்தனை போட்டார்கள். வீடு வீடாகப் போய்த் தகவல் சேகரித்தவர்கள் பயிற்சி பெற்ற மோஹாக் பெண்கள். முடிவு முதலில் அந்தக் குடும்பங்களுக்குச் சொல்லப்பட்டது. இதில் ஒரு வலியும் உண்டு. மீனை விட்டபோது மீன் பிடிக்கும் வேலையும், அதோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கதைகளும் குறைந்தன. கடையில் வாங்கும் மாவும் சர்க்கரையும் அந்த இடத்துக்கு வந்தன. ஆலை செய்த தவறுக்கு உணவை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது அவர்களுக்குத்தான். மீனைத் தின்னாதே என்று சொல்வதோடு அரசு கடமை முடிந்ததாக நினைத்தால் அது அநீதி.

இனி நம் இருளர்கள். புதுச்சேரியில் அவர்கள் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டதே 2016 டிசம்பரில்தான். பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் ஏரிக்கரைகளிலும் வயலோரங்களிலும் வாழ்கிறார்கள். செங்கல் சூளை, அரிசி ஆலை, கரும்பு வெட்டு என்று வேலை இருக்கும் இடத்துக்குக் குடும்பத்தோடு போகிறார்கள், பள்ளிக்கூடம் பாதியில் நிற்கிறது. வயல் எலி, நத்தை, நண்டு, வாய்க்கால் மீன் அவர்களுக்குக் கிடைக்கும் புரதம், அருமையான உணவும்கூட. அந்த வயலிலும் வாய்க்காலிலும் என்ன கலந்திருக்கிறது? பயிரின் பூஞ்சை நோய்க்கு அடிக்கும் மேங்கோசெப் மருந்து சிதையும்போது எத்திலீன் தயோயூரியா உருவாகிறது. தைராய்டு ஹார்மோன் செய்யும் நொதியை அது தடுக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. யூரியா கூடினால் ஊற்று நீரில் நைட்ரேட் கூடும். பெர்குளோரேட்டைவிட வலு குறைந்தாலும் நைட்ரேட்டும் அதே புரதத்தில்தான் போட்டியிடுகிறது. நமக்குத் தெற்கே பரங்கிப்பேட்டைப் பகுதியில் பல்லாண்டுக்கு முன் நடந்த ஆய்வில், வயலில் இட்ட பிஎச்சி மருந்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் ஆவியாகிக் காற்றில் கலந்தது தெரியவந்தது. வரப்போடு எந்த மருந்தும் நின்றுவிடுவதில்லை.

பாம்புக்கடிக்கு நாம் போடும் நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைப் பெருமளவு தருவது, 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்துப் பெருமைப்பட்டோம். மருத்துவத்துக்கு அவர்கள் இத்தனை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, உயரத்தை அளந்து, ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதித்து முடிவைப் பெற்றோர் கையில் கொடுக்கும் கடன் நம்மிடம் பாக்கி நிற்கிறது.

அந்த ஒரு சொட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பிறந்து மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலை வெதுவெதுப்பாக்கி, ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டை வடிதாள் அட்டையின் வட்டத்தில் படவிட வேண்டும். மறுபக்கம்வரை ஊறியிருக்க வேண்டும். வெயில் படாமல் படுக்கைவாட்டில் காயவைத்த பிறகுதான் உறையில் போட வேண்டும். இவ்வளவுதான் வேலை. நம் நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் பிறப்புக்கு ஒரு குழந்தை தைராய்டு குறைவோடு பிறக்கிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும், விட்டுவிட்டால் அந்த இழப்பை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. கேரளம் இந்தச் சோதனையை அரசு மருத்துவமனைகளில் நடத்துகிறது. இதே அட்டைக்கு இரண்டாவது பயனும் உண்டு. ஒரு வட்டாரத்தில் பிறக்கும் குழந்தைகளின் டிஎஸ்எச் சராசரி கூடினால், அங்கே அயோடின் போதவில்லை அல்லது அதைத் தடுக்கும் ஏதோ ஒன்று நீரில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

முத்திரப்பாளையத்து ஊற்றிலிருந்து இந்த நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதையை ஆயி மண்டபத்தைக் காட்டி நாம் இன்றும் சொல்கிறோம். நாம் இன்றும் நிலத்தடி நீரைத்தான் குடிக்கிறோம். ஆகவே இந்த அவையில் இருப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். ஜிப்மரும் ராஜீவ் காந்தி மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் தங்களிடம் பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் குதிகால் சோதனை நடந்ததை உறுதிசெய்து, முடிவுகளைக் கொம்யூன் வாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். பொதுப்பணித் துறை, குடிநீர்க் கிணறுகளில் நைட்ரேட்டோடு பெர்குளோரேட்டையும் பூச்சிமருந்து எச்சத்தையும் அளக்க வேண்டும், அதையும் இருளர் குடியிருப்புகளின் கைப்பம்புகளிலிருந்து தொடங்க வேண்டும். தர நிர்ணய அமைவனத்திடம் பெர்குளோரேட்டுக்கு வரம்பு கேட்டு நம் சட்டமன்றம் தீர்மானம் அனுப்பலாம். ஆய்வு மாணவர்களே, அந்தக் குடியிருப்புகளுக்குப் போகும்போது அங்குள்ள பெண்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து, ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டம் வாங்குவதற்கு முன் முடிவுகளை அவர்களிடம் தமிழில் சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுக்கு உப்பு வாங்கும்போது உறையில் அயோடின் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள், வேலைக்கு வரும் அம்மாவின் வீட்டிலும் அதே உப்பு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.